வெள்ளைப் பணியாரமா, கந்தரப்பமா? ஸோர் எப்படி முடிவெடுக்கிறது

செக்காலைப்பொண்ணு · திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு ஸோர் (Soar)ங்கிற கணினி அமைப்பை எடுத்திருக்கேன். விதிகளை வச்சு மனுஷ அறிவு மாதிரி ஒண்ணக் கட்ட முடியுமான்னு ஜான் லேர்ட், ஆலன் நியூவெல், பால் ரோசன்புளூம் மூணு பேரும் 1980-கள்ல கார்னகி மெலன்ல ஆரம்பிச்சது. எங்க அம்மா கல்யாண வீட்டுப் பலகாரக் கட்டுக்குப் பொறுப்பா ரொம்ப வருஷமாப் போறாங்க. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்னு முகூர்த்த மாசத்துல வீட்ல இருக்கவே மாட்டாங்க. ரெண்டு இருப்புச்சட்டி, அஞ்சு வகைப் பலகாரம், முதல் பந்திக்கு இன்னும் இவ்வளவு நேரம். அடுத்து சட்டியில எதைப் போடுறது? அந்த ஒரு முடிவை மட்டும் புரோகிராம்ல கொண்டுவரணும்னு ஆசை.

வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், தேன்குழல், மனகோலம். ஒவ்வொண்ணையும் ஒரு ஆபரேட்டரா, அதாவது அடுத்துச் செய்யக்கூடிய ஒரு செயலா வச்சு, "மாவு தயாரா இருந்தா இதைச் செய்யலாம்"னு முன்மொழியிற விதி எழுதினேன். ஓட்டுனதும் 'டை இம்பாஸ்'னு வந்து நின்னுருச்சு. எதைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு தெரியலையாம். நெட்ல தேடினப்போ எல்லாத்துக்கும் சமம் குறி (=) போட்டா நிக்காதுன்னு இருந்தது. போட்டேன். ஓடுச்சு.

வந்த வரிசையைப் பிரிண்ட் எடுத்து அம்மாகிட்ட காட்டினேன். ஒரே ஒரு தடவை பாத்துட்டு, "கந்தரப்பம் சுட்ட எண்ணெயில வெள்ளைப் பணியாரம் ஊத்தச் சொல்லுதே, நீ சொல்லிக்குடுக்கலையா?"ன்னு கேட்டாங்க. நான் சொல்லிக்குடுக்கலைதான். ஆனா இதை எங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஸோர் உண்மையில எதை வச்சு ஒண்ணைவிட ஒண்ணு மேலன்னு முடிவு பண்ணுது?


பட்டாலை_ஓரம் · திங்கள், இரவு 10:25

தங்கச்சி, நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, முதலில் அதை எடுத்துவிடலாம். ஸோரில் விதிகள் முடிவெடுப்பதே இல்லை. விதிகள் சிபாரிசு மட்டும்தான் செய்யும். நிலவரத்துக்குப் பொருந்துகிற விதிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தங்கள் சிபாரிசைச் சொல்லிவிடும். எந்த விதிக்கும் மற்ற விதியைவிடக் குரல் அதிகம் கிடையாது. எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, மாறாத ஒரு முடிவு முறை அந்தச் சிபாரிசுகளை வாங்கிக் கூட்டிக் கழிக்கும். ஓபிஎஸ்5 போன்ற பழைய விதி அமைப்புகளில் பொருந்திய விதிகளில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து அதை மட்டும் ஓட்டுவார்கள். ஸோரில் போட்டி விதிகளுக்கு நடுவே இல்லை, ஆபரேட்டர்களுக்கு நடுவே. இந்த இடம் மனசில் பதிந்துவிட்டால் மற்றது எல்லாம் வரும்.

சிபாரிசுகள் சில வகைதான். கூட்டல் குறி போட்டால் "இதையும் பரிசீலிக்கலாம்". கழித்தல் போட்டால் "இது வேண்டாம்". வியப்புக்குறி "இதுதான் ஆக வேண்டும்", அலைக்குறி "இது கூடவே கூடாது". ‘>’ குறியை இரண்டு ஆபரேட்டருக்கு நடுவே போட்டால் "அதைவிட இது மேல்", தனியாகப் போட்டால் "இருப்பதிலேயே இது மேல்". ‘<’ அதற்கு நேர் எதிர். ‘=’ போட்டால் "எதுவானாலும் எனக்குச் சம்மதம்".

வடிகட்டும் வரிசையைக் கவனியுங்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. 'இதுதான் ஆக வேண்டும்' என்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். பிறகு பரிசீலனைக்கு வந்தவற்றைச் சேர்த்து, கூடாதவற்றையும் வேண்டாதவற்றையும் தூக்கும். அதற்குப் பிறகு மேல், கீழ் ஒப்பீடு. அடுத்து 'இருப்பதிலேயே மேல்', அடுத்து 'இருப்பதிலேயே கீழ்'. கடைசியில் மிஞ்சியவை ஒன்றுக்கு மேல் இருந்தால், அவை எல்லாம் சமம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கும். சொல்லியிருந்தால் ஒன்றைச் சீட்டுக் குலுக்கிற மாதிரி எடுக்கும். யாரும் சொல்லவில்லை என்றால் முட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் நீங்கள் பார்த்த டை.

இப்போது நீங்கள் செய்ததைப் பாருங்கள். ‘=’ என்பது "எனக்குத் தெரியாது" அல்ல. "எனக்குத் தெரியும், இவற்றுக்குள் வித்தியாசம் இல்லை" என்பது. அது ஒரு உறுதிமொழி. வெள்ளைப் பணியாரத்துக்கும் கந்தரப்பத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள், அது நம்பிவிட்டது.


கல்லூரிச்சாலை_07 · திங்கள், இரவு 10:50

அஞ்சு பலகாரத்துக்கு இவ்வளவு எதுக்கு? இஃப், எல்ஸ் போட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிருமே.


பட்டாலை_ஓரம் · திங்கள், இரவு 11:05

முடியும் தம்பி. ஆனால் இஃப் வரிகளில் எது முதலில் எழுதப்பட்டதோ அதற்கு முன்னுரிமை வந்துவிடும். ஏன் அது முதலில் என்கிற காரணம் எங்கேயும் இருக்காது, வரிசையில் ஒளிந்துகொள்ளும். ஆறாவது பலகாரம் வந்தால் எந்த வரிக்கு மேலே செருகுவது என்று திரும்பவும் மண்டையை உடைக்க வேண்டும். ஸோரில் விதிகளைக் கோப்பில் எந்த வரிசையில் எழுதினாலும் விளைவு மாறாது. புது விதி ஒன்றைச் சேர்த்தால் புதுச் சிபாரிசு ஒன்று சபைக்கு வருகிறது, அவ்வளவுதான். பெரிய அளவிலும் இது தாங்கும். டாக்ஏர்-ஸோர் என்கிற போர் விமானி நிரலில் 5,000-க்கு மேற்பட்ட விதிகள். 1997-இல் அமெரிக்க ராணுவத்தின் போலிப் போர்ப் பயிற்சியில் அதை ஓட்டினார்கள்.


செக்காலைப்பொண்ணு · செவ்வாய், இரவு 8:15

அண்ணே, ரொம்ப நன்றி. சமம் குறி எல்லாத்தையும் எடுத்துட்டேன். இன்னைக்குக் காலையில அம்மா காய் அரிஞ்சுக்கிட்டு இருந்தப்போ பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா "ஏன்?"னு கேட்டு எழுதிக்கிட்டேன்.

கந்தரப்பத்துல வெல்லம் இருக்கு, அது எண்ணெயில இறங்கி எண்ணெய் கருக்கும். வெள்ளைப் பணியாரத்துக்கு நிறம்தான் மானம், புது எண்ணெய் வேணும். அதனால வெள்ளைப் பணியாரம் > கந்தரப்பம். எழுதிட்டேன்.

தேன்குழலும் மனகோலமும் ஆறினா ஒண்ணும் ஆகாது, டின்ல போட்டு வைக்கிற பண்டம். அதனால ரெண்டும் எப்பவும் முந்தின நாளே. பந்தியன்னைக்கு வேண்டாம்னு கழித்தல் போட்டுட்டேன்.

அப்புறம் அம்மா சொன்னாங்க, "வெள்ளைப் பணியாரம் சூடா இலைக்குப் போகணும், ஆறினா சவ்வு மாதிரி இழுக்கும். கந்தரப்பம் ஒரு மணி நேரம் இருந்தாலும் தாங்கும், அதை முதல்ல சுட்டு வைக்கலாம்." அதுவும் சரிதான்னு கந்தரப்பம் > வெள்ளைப் பணியாரம்னு எழுதிட்டேன். ரெண்டும் அம்மா சொன்னது. ரெண்டும் உண்மை. இப்ப டை இல்ல, 'கான்ஃப்ளிக்ட் இம்பாஸ்'னு வருது.

எனக்குப் புரியாதது இதுதான். அம்மா ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னாங்க, அவங்களுக்கு அதுல முரண்பாடே தெரியல. வேலையும் நிக்கிறது இல்ல.


கிட்டங்கிக்கணக்கு · செவ்வாய், இரவு 9:30

நான் ஓய்வு பெற்றவன். நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் இந்த இழையைப் படித்தபோது எங்கள் ஐயா சொன்ன கிட்டங்கிக் கதைகள் ஞாபகத்துக்கு வந்தன. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் முதலாளி இங்கே செட்டிநாட்டில் இருப்பார். அங்கே கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். கடன் கேட்டு ஒருவர் வந்தால் ஆளைப் பற்றி ஒருவர் நல்லது சொல்வார், ஒருவர் பழைய பாக்கியைச் சொல்வார். அடுத்தாளுக்கு முடிவு எட்டவில்லை என்றால் மேலாளிடம் போகும். அவருக்கும் எட்டவில்லை என்றால் ஊருக்குக் கடிதம் போகும். பதில் வந்ததும் அதை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த முறை இதேபோல் ஆள் வந்தால் கடிதம் எழுதாமலே முடிப்பார்கள். உங்கள் 'இம்பாஸ்' என்பதும் இப்படி மேலே அனுப்புவதுதானா?


பட்டாலை_ஓரம் · செவ்வாய், இரவு 10:10

ஐயா, வணக்கம். பதில் கடிதத்தை வைத்துக்கொண்டு அடுத்த முறை தாமாகவே முடிப்பார்கள் என்றீர்களே, அது ஸோரில் அப்படியே இருக்கிறது. அதற்குச் சங்க்கிங் என்று பெயர், பிறகு வருகிறேன். ஆனால் மேலே அனுப்புவது என்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. ஸோரில் மேலாள் என்று அதிகம் தெரிந்த ஒருவர் இல்லை. முட்டிக்கொண்டதும் அது ஒரு உள்நிலையைத் திறக்கும். அங்கேயும் அதே விதிகள், அதே நினைவு, அதே முடிவு முறைதான். மாறுவது கேள்வி. வெளியே "எதைச் சுடுவது?" என்பது கேள்வி. உள்ளே "இந்த இரண்டில் எது மேல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது கேள்வி. அடுத்தாளே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பட்டாலையில் தனியாக உட்கார்ந்து யோசிப்பது போல. உள்ளேயும் முட்டினால் இன்னொரு உள்நிலை திறக்கும்.

தங்கச்சி, உங்கள் அம்மா நிற்பதில்லை என்றீர்கள். நிற்காமல் இருப்பதற்கு அவருக்கு ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. இரண்டு விதியும் உண்மை என்றால், எந்த நிலவரத்தில் எது ஜெயிக்கும் என்பதை அவர் வேறொன்றைப் பார்த்து முடிவு செய்கிறார். அது என்ன என்று கேளுங்கள். முட்டு வந்ததே நல்லது. அது வராவிட்டால் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.


கோட்டையூர்க்காரன் · செவ்வாய், இரவு 11:20

மன்னிக்கணும், நான் எதிர்க் கட்சி. ஸோர் மாதிரியே மனுஷ அறிவை விதிகளா எழுதிப் பாக்கிற இன்னொரு அமைப்பு ஆக்ட்-ஆர் (ACT-R), அதை எடுத்திருந்தா இவ்வளவு சுத்த வேண்டாம். அதுவும் கார்னகி மெலன்ல வளர்ந்ததுதான், ஜான் ஆண்டர்சன் உருவாக்கினது. அதுல ஒவ்வொரு விதிக்கும் பயன்மதிப்புன்னு ஒரு எண் இருக்கும். பொருந்துற விதிகள்ல எண் பெரிசா இருக்கிறது ஓடும். ஒரு சமயத்துல ஒரே விதி. எண்ணோட கொஞ்சம் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம் சேரும், அதனால எப்பவும் பெரிசே ஜெயிக்கும்னு இல்ல.

கணக்கு போட்டுக் காட்டுறேன். ஒரு விதியோட மதிப்பு 5. அதைச் செஞ்சு நல்ல பலன் வந்து 10 பரிசு கிடைச்சுது. புது மதிப்பு = 5 + 0.2 × (10 − 5) = 6. இன்னொரு தடவை கிடைச்சா 6.8. அந்த 0.2 கற்கும் வேகம். பலன் வராட்டி இறங்கும். வெள்ளைப் பணியாரத்துக்கு 6, கந்தரப்பத்துக்கு 5, இரைச்சல் அளவு 0.5னு வச்சா, பத்துக்கு எட்டுத் தடவை வெள்ளைப் பணியாரம் வரும். மனுஷங்களும் அப்படித்தான். உங்க அம்மாவும் என்னைக்காவது ஒருநாள் மாத்திச் செஞ்சிருப்பாங்க. முரண்பாடு, முட்டு, உள்நிலை எதுவும் வேண்டாம். அனுபவம் எண்ணாச் சேருது.


செக்காலைப்பொண்ணு · புதன், காலை 7:05

அண்ணே, அம்மா ஒருநாளும் மாத்திச் செஞ்சதில்ல. கேட்டுட்டேன். ஒரு தடவை உதவிக்கு வந்தவங்க மாத்திச் செஞ்சு, அன்னைக்கு ஒரு கூடை பணியாரம் பந்திக்கே போகல. இதுல பத்துக்கு ரெண்டு தடவை தப்பா வந்தா ஏத்துக்க முடியாது.

இன்னொண்ணு, படிச்சுப் பாத்தேன். ஆக்ட்-ஆர்ல விதி ஓடுன நேரத்துக்கும் பரிசு வந்த நேரத்துக்கும் இடையில எத்தனை வினாடியோ அதைப் பரிசுல இருந்து கழிக்கணும்ல? 10 பரிசு, 4 வினாடி கழிச்சு வந்தா 6-ஆத்தான் சேரும். எங்க பரிசு பந்தியில இலை எடுக்கும்போதுதான் தெரியும். ஒரு மணி நேரம்னா 3,600 வினாடி. கழிச்சா என்ன மிஞ்சும்?


கோட்டையூர்க்காரன் · புதன், காலை 8:40

நல்ல கேள்விம்மா. ஒத்துக்கிறேன், அப்படியே போட்டா வேலைக்கு ஆகாது. அளவுகோலை மாத்தணும், இல்லாட்டி நடுவுல சின்னப் பரிசுகள் வைக்கணும், எண்ணெய் நிறம் பாத்ததும் ஒண்ணு, பணியாரம் உப்பினதும் ஒண்ணுன்னு. ஆக்ட்-ஆர்ல ஒரு விதி ஓட 50 மில்லி வினாடி. கண் பாக்கிறது, கை எடுக்கிறது, ஒரு கூட்டல் கணக்கை ஞாபகத்துல தேடுறது, அந்த மாதிரி சின்ன அடிகள்ல மனுஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறான், எங்க தப்பு விடுறான்னு சோதனைச் சாலைத் தரவோட ஒப்பிடத்தான் அது பிரமாதம். அங்க தப்பு வர்றதும் தேவை, ஏன்னா மனுஷனும் தப்பு விடுறான். உங்க வேலை அது இல்லன்னு இப்பப் புரியுது. ஆனா எண்ணே வேண்டாம்னு சொல்லாதீங்க. ஸோர்லயே எண் உண்டு.


பட்டாலை_ஓரம் · புதன், காலை 9:15

உண்டு, அண்ணன் சொல்வது சரி. சமம் குறியோடு ஒரு எண்ணையும் கொடுக்கலாம். அந்த எண்ணுக்கு ஏற்ற வாய்ப்பில் குலுக்கல் நடக்கும். பலனைப் பார்த்து அந்த எண்ணை சார்ஸா அல்லது கியூ-லேர்னிங் என்கிற கற்றல் முறையில் ஸோரே திருத்திக்கொள்ளும். ஆனால் நான் முன்னே சொன்ன வடிகட்டும் வரிசையில் எண்ணுக்கு இடம் கடைசியில்தான். வேண்டாம் என்று தூக்கியதையும், கீழ் என்று ஒதுக்கியதையும் எவ்வளவு பெரிய எண்ணாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரு கூடைப் பணியாரம் வீணாகக் கூடாது என்கிற இடத்தில் குறி போடுங்கள். சீயம் முதலா கந்தரப்பம் முதலா என்று உண்மையிலேயே அனுபவம்தான் சொல்ல வேண்டும் என்கிற இடத்தில் எண் போடுங்கள். எனக்கு ஸோரில் மிகப் பிடித்தது இதுதான். நிச்சயமாகத் தெரிந்ததும், சுமாராகத் தெரிந்ததும், சுத்தமாகத் தெரியாததும் அதில் மூன்று வேறு விஷயங்கள். எல்லாவற்றையும் ஒரே எண்ணாக அரைத்துவிட்டால் அந்த வித்தியாசம் தொலைந்துபோகும்.


செக்காலைப்பொண்ணு · வியாழன், இரவு 9:50

அம்மா எதைப் பாக்குறாங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன்! சட்டியை.

"ரெண்டு சட்டி இருக்குல்ல, ஒண்ணுல எண்ணெய் ஊத்தித் தொடாம வச்சிருப்பேன். கந்தரப்பம் இந்தச் சட்டியில. இலை போடச் சொல்லி ஆள் வந்ததும் வெள்ளைப் பணியாரம் அந்தச் சட்டியில." சரிம்மா, ஒரே சட்டி இருக்கிற வீடுன்னா? ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "அப்ப வெள்ளையை முதல்ல ஊத்தி எடுத்து, துணி போட்டு மூடி வை. ஆறினதை ஓரளவு சமாளிக்கலாம், நிறம் போனா திரும்ப வராது."

கேக்கும்போதே எனக்குச் சிலிர்த்துச்சு. ரெண்டு விதிக்கும் மேல ஒண்ணு, எந்தச் சேதத்தைச் சரிபண்ண முடியும், எதை முடியாதுன்னு.

இதை உள்நிலையில எழுதினேன். ரெண்டு ஆபரேட்டரையும் ஒவ்வொண்ணா மனசுக்குள்ள செஞ்சு பாக்கும், நிறம் போகுதா, ஆறுதான்னு பாக்கும். நிறம் போகாத வழியில சூடும் தங்குனா அதை எடுக்கும். முதல்ல ஜெயிச்சதுக்கு 'இருப்பதிலேயே மேல்'னு சிபாரிசு அனுப்பினேன், முட்டு தீரவே இல்ல. அப்புறம்தான் அண்ணன் சொன்ன வரிசை ஞாபகம் வந்துச்சு. மேல், கீழ் ஒப்பீட்டுலயே அது முட்டி நிக்குது, 'இருப்பதிலேயே மேல்' அதுக்கு அடுத்த படி, அங்க போய்ச் சேரவே இல்ல. அதனால தோத்ததுக்குக் கழித்தல் அனுப்பினேன். உடனே தீந்துச்சு.

சங்க்கிங்கையும் இயக்கிவிட்டேன். ரெண்டு சட்டி வச்சு ஓட்டினேன், முதல் தடவை யோசிச்சுது, அடுத்த தடவை யோசிக்காமலே கந்தரப்பத்தை எடுத்துது. சந்தோஷமா ஒரு சட்டிக்கு மாத்தினேன். அதுலயும் கந்தரப்பத்தையே முதல்ல எடுக்குது! ஒரு தடவை கத்துக்கிட்டதை எல்லா இடத்துலயும் போடுது. என்ன தப்பு?


பட்டாலை_ஓரம் · வியாழன், இரவு 10:30

உள்நிலையில் சட்டி எத்தனை என்று எப்படி எழுதினீர்கள்? வெளி நிலையிலிருந்து எடுத்தீர்களா, நீங்களே இரண்டு என்று போட்டீர்களா?


செக்காலைப்பொண்ணு · வியாழன், இரவு 10:42

நானே போட்டேன் அண்ணே. செஞ்சு பாக்கிற நிலையை உருவாக்கும்போது ரெண்டாவது சட்டி புதுசுன்னு நேராவே எழுதிட்டேன்.


பட்டாலை_ஓரம் · வியாழன், இரவு 11:10

அங்கேதான் கோளாறு. உள்நிலையிலிருந்து ஒரு சிபாரிசு வெளியே வரும்போது, அது எப்படி வந்தது என்று ஸோர் பின்னோக்கித் தடம் பிடிக்கும். அந்தத் தடத்தில் வெளி நிலையின் எந்தெந்த உண்மைகள் சோதிக்கப்பட்டனவோ, அவை மட்டுமே புது விதியின் நிபந்தனைகள் ஆகும். சட்டி எத்தனை என்று நீங்கள் வெளியே பார்த்துக் கேட்கவே இல்லை, உள்ளேயே இட்டுக்கட்டிவிட்டீர்கள். அதனால் கற்ற விதியில் சட்டி என்கிற சொல்லே இல்லை. "இரண்டும் மோதினால் வெள்ளைப் பணியாரம் வேண்டாம்" என்று மட்டும் கற்றுக்கொண்டது. உங்கள் கிட்டங்கிக் கதையில், ஐயா, ஊரிலிருந்து வந்த கடிதத்தில் "ஆளிடம் ஈடு இருப்பதால் கொடுக்கலாம்" என்பதில் காரணத்தைக் கிழித்துவிட்டு "கொடுக்கலாம்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டது மாதிரி.

வெளி நிலையில் சட்டிகளையும் ஒவ்வொன்றின் எண்ணெய் நிலையையும் வையுங்கள். செய்து பார்க்கிற விதி அங்கே பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கற்ற பழைய விதியை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.


கிட்டங்கிக்கணக்கு · வெள்ளி, காலை 6:20

காரணத்தைக் கிழித்த கடிதத்தால் நொடித்த கடைகள் உண்டு. ஐயா சொல்லியிருக்கிறார்.


செக்காலைப்பொண்ணு · வெள்ளி, இரவு 10:05

மாத்திட்டேன். இப்ப ரெண்டு விதி கத்துக்கிட்டிருக்கு. ஒண்ணுல "தொடாத எண்ணெயோட இன்னொரு சட்டி இருந்தா, வெள்ளைப் பணியாரம் இப்ப வேண்டாம்". இன்னொண்ணுல "ஒரே சட்டி, எண்ணெய் புதுசுன்னா, கந்தரப்பம் இப்ப வேண்டாம்". நான் எழுதாத விதிகள். திரையில படிச்சுப் பாக்கும்போது அம்மா பேசுற மாதிரியே இருந்துச்சு.

அண்ணன் சொன்ன மாதிரி சீயத்துக்கும் கந்தரப்பத்துக்கும் எண் வச்சு விட்டிருக்கேன். கோட்டையூர் அண்ணே, பரிசை எண்ணெய் நிறம் பாக்கிற இடத்துலயே குடுத்திருக்கேன், உங்க யோசனைதான்.

அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "சட்டி ரெண்டு இருந்து விறகு ஈரமா இருந்தா?"ன்னாங்க. ரெண்டு அடுப்பும் சேந்து எரியாதாம், அப்ப வேற வரிசையாம். ஈர விறகு என் நிலவரத்துல எங்கேயுமே இல்ல. நாளான்னைக்குப் பள்ளத்தூர்ல ஒரு சாந்திக் கல்யாணம், அம்மாகூட நானும் நோட்டோட போறேன். வந்து எழுதுறேன்.